கேளுங்க, சொல்லுதேன்

கேள்வி: 'நைஸ்'னா முன்னாடி முட்டாள்னு அர்த்தமாமே, எம்மவ சொல்லுதா, நெசமா அண்ணாச்சி?
– ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: நெசந்தான் அண்ணாச்சி. லத்தீன்ல 'நெஸ்கியுஸ்'னா ஒண்ணும் அறியாதவன், அது பிரெஞ்சு வழியா 1300 வாக்குல இங்கிலீஷுக்குள்ள வரும்போது மடையன்னுதான் அர்த்தம், பொறவு எதுக்கெடுத்தாலும் நொட்டை சொல்லுதவன், அதுலேருந்து நுணுக்கமானதுன்னு நகந்து நகந்து 18ஆம் நூற்றாண்டுலதான் 'நல்லாருக்கு'ன்னு ஆச்சு. நுணுக்கம்ங்கிறது இன்னும் முழுசா சாகல, 'நைஸ் டிஸ்டிங்ஷன்'னா நூலளவு வித்தியாசம். மாவு மில்லுல 'நைஸா அரைச்சுக் குடுங்க'ங்கோம்லா, அதுவும் இந்தப் பழசுக்குத்தான் கிட்ட நிக்குன்னு எனக்குப் படுது. 'சில்லி' (silly)ங்கிற இன்னொரு இங்கிலீஷ் வார்த்தை பாடுதான் பாவம், பாக்கியசாலின்னு ஆரம்பிச்சு, அப்பாவியாகி, கடைசில கிறுக்கனாயிட்டு.