உமிழ்நீர்ப் பரிசோதனை: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர் பதில்

அம்மாவுக்கு 78 வயது. கொரோனா பரிசோதனைக்கு மூக்கில் குச்சி விட்டாலே துடித்துப்போகிறார். எச்சில் போதாதா?

ஆய்வகம் ஏற்றுக்கொண்டால் தாராளமாகப் போதும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘சலைவாடைரக்ட்’ முறைக்கு 2020 ஆகஸ்டிலேயே அவசர அனுமதி கிடைத்தது. வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.வைத் தனியே பிரித்தெடுக்காமல், ஒரு நொதியையும் வெப்பத்தையும் கொண்டு உமிழ்நீரை நேரே பி.சி.ஆர். பரிசோதனைக்குத் தயார்செய்யும் முறை அது. நாக்பூரின் நீரி ஆய்வு நிறுவனம் உப்புநீரைக் கொப்பளித்துத் துப்பும் முறையை 2021இல் கொண்டுவந்தது. ஆனால் அம்மாவுக்கு அடிக்கடி புரையேறும் என்றால் கொப்பளிக்கச் சொல்லாதீர்கள். வாயில் ஊறுவதைக் குப்பியில் விடட்டும்.

மாதிரி கொடுக்கும் முன் காபி குடித்துவிட்டேன்.

அரை மணி நேரம் பொறுத்துக் கொடுங்கள். வெற்றிலை, புகையிலைக்கும் இதே விதிதான்.

வீட்டில் செய்யும் கொரோனா எச்சில் ஆன்டிஜன் அட்டையில் ஒற்றைக் கோடு, அதாவது ‘தொற்று இல்லை’. காய்ச்சலோ விடவில்லை.

அந்த ஒற்றைக் கோட்டை நம்பி வெளியே கிளம்பாதீர்கள். பி.சி.ஆர். வைரஸின் மரபுப்பொருளைப் பல மடங்கு பெருக்கிப் பார்க்கிறது. அட்டைக்கு அந்த வித்தை தெரியாது. மாதிரியில் வைரஸ் ஏராளமாக இருந்தால்தான் இரண்டாவது கோடு தெரியும். எச்சிலின் வழவழப்பும் அட்டைக்கு இடைஞ்சல். பி.சி.ஆர். செய்துகொள்ளுங்கள்; அதுவரை வீட்டு முதியவர்களிடமிருந்து விலகியிருங்கள்.

எச்.ஐ.வி.யை எச்சிலில் கண்டுபிடிக்கலாம் என்றால், எச்சில் வழியே பரவும் என்றுதானே பொருள்?

இல்லை. ஈறு ஓரத்துத் திரவத்தில் தேடப்படுவது வைரஸ் அல்ல, உடல் அதற்கு எதிராக உருவாக்கிய எதிர்ப்புப்பொருள். அமெரிக்காவில் 2012இல் வீட்டு உபயோகத்துக்கு அனுமதி பெற்ற ‘ஓராகுவிக்’ 20 நிமிடத்தில் முடிவு சொல்லும். ஆனாலும் வீட்டுப் பயனாளர்களிடையே தொற்றுள்ள 12 பேரில் ஏறத்தாழ ஒருவரை அது தவறவிட்டது. தொற்று நேர்ந்திருக்கலாம் என்ற நாளிலிருந்து 3 மாதம் ஆகும்வரை ‘இல்லை’ என்ற முடிவுக்கு மதிப்பில்லை. ‘உண்டு’ என்றாலும் இரத்தத்தில் உறுதிசெய்ய வேண்டும். அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் இலவசமாக, இரகசியம் காத்துச் செய்கிறார்கள். தயங்காமல் போங்கள்.

பிறந்து 12 நாள் ஆன குழந்தை. செவித்திறன் சோதனையில் ஒரு காது தேறவில்லை. உமிழ்நீர் எடுக்கச் சொல்கிறார்கள். காதுக்கும் எச்சிலுக்கும் என்ன தொடர்பு?

கேட்டவருக்கு உடனே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். மற்ற பெற்றோருக்காக இங்கும் எழுதுகிறேன். கருவிலேயே தொற்றும் சைட்டோமெகலோ வைரஸ், பார்வைக்கு நலமாகத் தெரியும் குழந்தையின் கேள்திறனையும் பறிக்கக்கூடியது. முன்பு குதிகாலில் குத்தி எடுத்த காய்ந்த இரத்தப்பொட்டில் தேடினார்கள். தொற்றுள்ளவர்களில் மூன்றில் ஒரு பங்கு அளவே அகப்பட்டது. ஏறத்தாழ 35,000 பச்சிளங்குழந்தைகளிடம் நடந்து 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வில், ஈர உமிழ்நீர் ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. உலர்ந்த மாதிரியும் 97 சதவீதத்தைப் பிடித்தது. உள்கன்னத்தில் பஞ்சுக்குச்சியை ஒற்றி எடுத்தால் முடிந்தது. குழந்தைக்கு வலியே இல்லை.

இரண்டு எச்சரிக்கைகள். தாய்ப்பாலில் இந்த வைரஸ் இருக்கலாம். பால் கொடுத்து ஒரு மணி நேரமாவது கழித்து எடுங்கள், ‘உண்டு’ என்றால் சிறுநீரிலும் உறுதிசெய்யுங்கள். அடுத்தது, 21 நாள் கெடு. அதைத் தாண்டினால் தொற்று கருவில் வந்ததா, பிறந்தபின் வந்ததா என்று பிரித்தறிய முடியாது. தேவைப்படும் குழந்தைகளுக்கு மருந்தையும் பெரும்பாலும் முதல் மாதத்திலேயே தொடங்குகிறார்கள். ‘அடுத்த தடுப்பூசிக்கு வரும்போது பார்க்கலாம்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்; இன்றே எடுக்கச் சொல்லுங்கள்.