முன்பணம் கொடுத்தவரிடம் மனதைத் திறக்க முடியுமா?

அன்புள்ள ஐயா,

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் இடையில் உள்ள ஒரு மீனவக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம். கடந்த மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் ஊரில் நாற்பது வயதுகூட ஆகாத ஒருவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். முந்தைய நாள் மாலை எங்களோடு சீட்டாடிக்கொண்டிருந்தவர். அவருக்குள் என்ன இருந்தது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. வரும் தடைக்காலத்துக்குள் ஆண்களின் மனநலத்துக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று இளைஞர்கள் சிலர் சேர்ந்திருக்கிறோம். மதுரையிலிருந்து ஒரு மருத்துவரை அழைத்து ஒரு நாள் முகாம் நடத்தலாம் என்பது எங்கள் எண்ணம். பெரியவர்களோ, மனநோய் தீரக் கூட்டிப்போகும் தர்கா உள்ள ஏர்வாடியைச் சொல்லி, "ஆம்பளைக்கு என்னடா மனசு நோய், நாம என்ன ஏர்வாடிக்குப் போறவங்களா" என்கிறார்கள். முகாமுக்கு யாராவது வருவார்களா? அதிகம் படிக்காத நாங்கள் இதில் இறங்கலாமா?

வணக்கத்துடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

முகாம் நடத்துவதில் தவறில்லை. ஆனால் அது உங்களுடைய மூன்றாவது அல்லது நான்காவது வேலையாக இருக்கட்டும். பந்தல் போட்டு ஒலிபெருக்கியில் அறிவித்தால் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ளக் கூட்டம் வரும். மனம் உடைந்து கிடப்பவர் ஊர் பார்க்க வந்து மருத்துவர் முன்னால் உட்கார மாட்டார்.

ஆண் அழக் கூடாது என்று சொல்லி வளர்க்கிறோம், அதனால்தான் அவன் பேசுவதில்லை என்பது எல்லோரும் சொல்லும் விளக்கம். அதில் உண்மை உண்டு. ஆனால் நம் கரையில் அதற்கும் அடியில் ஒரு கணக்கு இருக்கிறது. விசைப்படகில் கூலிக்குப் போகிறவர் படகின் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார். சம்மாட்டி மீன் கம்பெனிக்காரரிடம் வாங்கியிருக்கிறார். மனைவியின் நகை அடகில் இருக்கிறது, குழுக்கடன் மனைவியின் பெயரில் ஓடுகிறது, அந்தக் கடனுக்கு மச்சான் பொறுப்பேற்றிருக்கிறார், தேநீர்க் கடையில்கூடப் பற்று நிற்கிறது. ஆக, அவர் மனதைச் சொல்லக்கூடிய ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வகையில் அவருடைய கடனோடு சம்பந்தப்பட்டவராகவே இருக்கிறார். "பத்து நாளாகத் தூக்கமில்லை, கடலுக்குப் போகவே பயமாக இருக்கிறது" என்று சம்மாட்டியிடம் சொன்னால், உங்கள் பணத்தை இனி உழைத்துக் கழிக்க என்னால் ஆகாது என்றுதான் அவர் காதில் விழும். உடன் வருபவர்களிடம் சொல்வதும் எளிதல்ல; நடுக்கடலில் ஒருவர் கையை நம்பித்தான் இன்னொருவர் உயிர் இருக்கிறது என்பதால், 'இவன் கடலுக்கு ஆக மாட்டான்' என்ற பேச்சு ஒருமுறை கிளம்பிவிட்டால் அடுத்த படகிலும் இடம் கிடைக்காது. எனவே அவருடைய மௌனத்தை வீம்பு என்று மட்டும் நான் எடுத்துக்கொள்வதில்லை. பிழைப்பைக் காத்துக்கொள்ள ஒருவர் யோசித்து எடுத்த முடிவாகவும் அது இருக்கிறது.

இதனால்தான் அவர் மரணம் நிகழ்ந்தது என்று நான் சொல்லவில்லை. எந்தத் தற்கொலைக்கும் ஒற்றைக் காரணம் காட்ட முடியாது. கடன், குடி, நோய், குடும்பப் பிணக்கு, வெளியே தெரியாத மனச்சோர்வு எல்லாம் பின்னிக்கொண்டு வரும். ஆனால் யார் அதிகம் இறக்கிறார்கள் என்பது தெளிவாகவே தெரிகிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தனர். அவர்களில் 100-க்கு ஏறத்தாழ 72 பேர் ஆண்கள். மொத்தத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் அன்றாடக் கூலித் தொழிலாளர்கள். உங்கள் பெரியவர்கள் கேட்ட கேள்விக்கு இந்த எண்களே விடை.

ஆகவே முதல் வேலை, மற்றவர்கள் மனதைத் திறந்து பேசினால் காது கொடுத்துக் கேட்க, ஊரில் யாரோடும் பணத் தொடர்பு இல்லாத மூன்று நான்கு பேரைக் கண்டுபிடிப்பது. கடலுக்குப் போவதை நிறுத்திவிட்ட ஒரு பெரியவர், குடியை விட்டுச் சில ஆண்டுகள் ஆன ஒருவர், பக்கத்து ஊரில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று தேடுங்கள். வட்டிக்குக் கொடுப்பவர் வேண்டாம். சங்கப் பொறுப்பில் இருப்பவர், ஊர்ப் பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்பவர் ஆகியோரும் வேண்டாம், அவர்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும். கேட்டதை வீட்டில் மனைவியிடம்கூடச் சொல்லாதவர் என்று ஊரே ஒப்புக்கொள்ளும் ஆள் வேண்டும். அப்படிப்பட்டவர் நம் ஊர்களில் அருமைதான் என்றாலும் ஊருக்கு ஓரிருவர் இருக்கத்தான் செய்கிறார்கள்.

அதிகம் படிக்காத நீங்கள் இறங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். ஜிம்பாப்வேயில் 2006 முதல், மருத்துவமனை வளாகத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து மனச்சோர்வுற்றவர்களோடு பேசுபவர்கள் பயிற்சி பெற்ற பாட்டிமார்கள். நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு கோவா. அங்கே அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, அளவு மீறிக் குடிக்கும் ஆண்களுக்கு, மருத்துவப் படிப்பு இல்லாத சாதாரண மனிதர்களைப் பயிற்றுவித்து, ஒன்று முதல் நான்கு முறை பேச வைத்தார்கள். 2017-இல் வெளியான முடிவுகளின்படி, மூன்று மாதம் கழித்து அப்படிப் பேசப்பட்டவர்களில் 100-க்கு 36 பேர் தீங்கான குடியிலிருந்து மீண்டிருந்தனர். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 26 பேர். பெரிய அற்புதம் இல்லை. ஆனால் நாலு வார்த்தை நிதானமாகப் பேசுவதற்கு இந்த அளவு பலன் கிடைக்கிறது என்பது சிறிய செய்தியும் அல்ல. கவனியுங்கள், அங்கே பேசியவர்கள் பயிற்சி பெற்றவர்கள். இராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு இருக்கிறது. உங்கள் கேட்பவர்களுக்குப் பயிற்சி தரும்படி அவர்களுக்கு எழுதுங்கள். மதுரை மருத்துவர் வர இசைந்தால் அவருடைய நாளையும் இதற்கே பயன்படுத்துங்கள்.

இடமும் காலமும் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. ஆஸ்திரேலியாவில் 1990-களில், வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஆண்கள் கூடி மரவேலை செய்வதற்கென்று பட்டறைகள் ஏற்படுத்தினார்கள்; நேருக்கு நேர் உட்காரவைத்துக் கேட்டால் பேசாத ஆண், கையில் வேலை இருக்கும்போது பேசுகிறார் என்பது அவர்கள் கண்டது. நம்மிடம் வலை பழுதுபார்க்கும் கொட்டகை இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன, ஆட்கள் வலையோடு உட்கார்ந்திருக்கிறார்கள், வருமானம் நிற்கிறது, படகுப் பழுதுக்குச் செலவு ஏறுகிறது, தடை முடியும் நேரமும் பள்ளிக்கூடம் திறக்கும் நேரமும் ஒன்றாகவே வருகின்றன. அரசு தரும் தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். நாள் கணக்கில் பிரித்தால் 130 ரூபாய் சொச்சம். உங்கள் கேட்பவர்கள் அந்தக் கொட்டகையில் போய் உட்காரட்டும். பெயர்ப்பலகை எதுவும் வேண்டாம்.

என்ன கேட்பது? மனதைப் பற்றிக் கேட்டால் பதில் வராது. உடம்பைப் பற்றிக் கேளுங்கள். தூக்கம் வருகிறதா, சோறு இறங்குகிறதா, நெஞ்சு அடைக்கிறதா, எதற்கெடுத்தாலும் பிள்ளைகள் மேல் கை நீள்கிறதா என்று கேட்டால் ஆண்கள் சொல்வார்கள். ஆண்களிடம் மனச்சோர்வு பெரும்பாலும் கண்ணீராக வருவதில்லை. எரிச்சலாக, உடல்வலியாக, குடியாக, துணிச்சல் போலத் தோன்றும் கவனக்குறைவாக வருகிறது. தங்கச்சிமடத்தில் எனக்குத் தெரிந்த ஒருவர் நெஞ்சு அடைப்பு என்று பலமுறை இ.சி.ஜி. எடுத்தார். ஒவ்வொரு முறையும் 'ஒன்றும் இல்லை' என்று அனுப்பிவிட்டார்கள். அவருக்கு இருந்தது பதற்ற நோய் என்று ஒரு மருத்துவர் கண்டுபிடிக்க நெடுங்காலம் ஆயிற்று. 'ஒன்றும் இல்லை' என்ற விடையைக் கேட்டுத் திரும்பி வருபவர்களை உங்கள் ஆட்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒருவர் உயிரை வெறுத்துப் பேசினால், "செத்துப்போய்விடலாம் என்று தோன்றுகிறதா" என்று நேரடியாகவே கேட்கலாம். கேட்பதனால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கேட்ட பிறகு பெரும்பாலானவர்கள் இலேசாகிறார்கள். ஆம் என்று சொன்னால் அவரைத் தனியே விடாமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். இரவாக இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. காவல்துறை வழக்குப் போடும் என்ற பயம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மனஅழுத்தத்தில் இருந்தவர் என்றே கருதச் சொல்கிறது. அவருக்குச் சிகிச்சை தருவது அரசின் கடமை.

குடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சாமி முன்னால் கயிறு கட்டிக்கொண்டோ, குழந்தை தலையில் அடித்துச் சத்தியம் செய்தோ ஒரே நாளில் குடியை நிறுத்துவதை நாம் பெருமையாகப் பேசுகிறோம். பல ஆண்டுகளாக நாள்தோறும் அதிகம் குடித்து வந்தவர் திடீரென்று நிறுத்தினால், இரண்டு மூன்று நாட்களுக்குள் கைநடுக்கம், வலிப்பு, இல்லாத உருவங்களைப் பார்த்து மிரளுதல் எல்லாம் வரலாம். சிலருக்கு அது உயிருக்கே ஆபத்தாக முடியும். 'பேய் பிடித்துவிட்டது' என்று அந்த நிலையில் வேறெங்கோ கூட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. அதே நிலை கடலில் வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கயிறு கட்டிக்கொள்ளட்டும், அந்த நம்பிக்கையை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் கட்டிக்கொள்வதற்கு முன்பு அரசு மருத்துவரைப் பார்த்து, நடுக்கத்துக்கான மருந்தோடு நிறுத்தட்டும். உங்கள் குழு இந்த ஒரு செய்தியை மட்டும் வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தாலும் ஒரு முகாமைவிட அதிகம் செய்ததாகும்.

ஏர்வாடியின் பெயரைச் சொல்லிப் பெரியவர்கள் தட்டிக்கழிப்பது எனக்கு வியப்பாக இல்லை. 2001 ஆகஸ்ட் 6-இல் அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் பற்றிய தீயில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்ததை நம் மாவட்டம் மறக்க முடியாது. அதனால் மனநலம் என்றாலே சங்கிலி என்று நம் மனதில் பதிந்திருக்கிறது. இன்று யாரையும் எந்த வடிவிலும் சங்கிலியில் கட்டுவது சட்டப்படி குற்றம். தர்காவுக்கு வருபவர்களுக்கே பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்திருக்கிறது. பெரியவர்களிடம் இதைச் சொல்லுங்கள், வாதாட வேண்டாம். பங்குத்தந்தையோ, ஜமாத்தாரோ, ஊர்த்தலைவரோ, உங்கள் ஊருக்கு யார் பெரியவரோ அவரிடமிருந்து ஒரே ஒரு வாக்கு வாங்குங்கள்: இவர்களிடம் பேசியவர் யார் என்று யாரும் விசாரிக்கக் கூடாது. மற்றதெல்லாம் பிறகு தானே வரும்.

இலங்கைச் சிறையிலிருந்து திரும்பியவர்களையும், வளைகுடாவில் சம்பளம் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பியவர்களையும் மறந்துவிடாதீர்கள். வந்த அன்று மாலை போட்டு வரவேற்கிறோம், மறுவாரம் அவர் வீட்டுப் பக்கம் யாரும் போவதில்லை. படகு அங்கேயே நிற்க, கடன் மட்டும் இங்கே வளர்ந்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்பாக நீங்கள் போக வேண்டிய வீடு, இறந்தவருடைய வீடு. அவர் மனைவி, பிள்ளைகள், ஒரே படகில் போன கூட்டாளிகள் ஆகியோருக்கு இப்போது ஊரில் மற்ற எவரையும்விடத் துணை தேவை. அவர் எப்படி இறந்தார் என்பதைத் தேநீர்க் கடையில் விவரிப்பதை முதலில் நிறுத்துங்கள். கேட்டுக்கொண்டிருக்கும் இளையவர்களில் ஒருவருக்கு அது வழிகாட்டியாகிவிடக் கூடும். நினைவு நாளில் ஊர் முழுக்க அவர் படத்தைப் பெரிதாக வைப்பதும் வேண்டாம். அந்த வீட்டின் முன்பணக் கணக்கை விதவையின் தலையில் ஏற்றாமல் தீர்க்க, சம்மாட்டியோடு யாராவது உட்கார்ந்து பேச வேண்டும். ஆறுதல் சொல்வதோடு நின்றுவிட்டால் அந்தக் குடும்பத்துக்குப் பாதி உதவிகூடக் கிடைத்ததாகாது.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. சிகிச்சைக்கு ஒருவரை இராமநாதபுரம் அழைத்துப் போனால், அவருக்கும் துணைக்குப் போகிறவருக்கும் ஒரு நாள் கூலி போகிறது. மனச்சோர்வுக்கான மருந்து வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். பலன் தெரிவதற்குள் நிறுத்திவிடுபவர்களே அதிகம் என்பதால் இரண்டாவது, மூன்றாவது முறையும் போயாக வேண்டும். அந்தக் கூலிக்கும் பேருந்துக் கட்டணத்துக்கும் உங்கள் குழு ஒரு சிறு தொகையை ஒதுக்கட்டும். யாருக்குக் கொடுத்தீர்கள் என்ற பெயர், கேட்பவர்களோடு நிற்கட்டும், சங்கக் கணக்கில் ஏற வேண்டாம். பயிற்சி கேட்டு மருத்துவமனைக்கு எழுதும் கடிதத்தில் ஏதும் உதவி வேண்டுமென்றால் எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன்.

அன்புடன்.