ஸ்டூவர்ட் ஹால் புரியவில்லை என்று கேட்டவருக்கு

வணக்கம். எம்.ஏ. இதழியல் முதல் செமஸ்டர், ஊடகத்தையும் பண்பாட்டையும் ஆராய்ந்த பிரிட்டன் அறிஞர் ஸ்டூவர்ட் ஹாலின் குறியேற்றம்–குறிவிலக்கம் (encoding–decoding, அதாவது செய்தியில் அர்த்தத்தை வைப்பதும் அதை வாசித்தெடுப்பதும்) கோட்பாட்டை மூன்று முறை படித்தும் தலையில் ஏறவில்லை, சீரியலை வைத்து செமினார் தர வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். பயப்படாதீர்கள், எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது.

1973-ல் பர்மிங்ஹாமில் இருந்தபோது ஹால் சொன்னது இதுதான்: அனுப்புகிறவர் வைத்த அர்த்தத்தைப் பார்க்கிறவர் அப்படியே வாங்கிக்கொள்வதில்லை. முழுக்க ஏற்கலாம், பாதி ஏற்றுப் பாதி தள்ளலாம், எதிர்த்தும் வாசிக்கலாம். பிறகு இதைச் சோதிக்க, டேவிட் மோர்லி என்ற ஊடக ஆய்வாளர் பிபிசியின் 'நேஷன்வைட்' என்ற நடப்புச் செய்தி நிகழ்ச்சியை 29 குழுக்களுக்குப் போட்டுக் காட்டினார். வங்கி மேலாளர்கள் அதன் பார்வையை உறுத்தலின்றி ஏற்றார்கள். தொழிற்சங்கப் பிரதிநிதிகள் கடுமையாக எதிர்த்தார்கள்.

எனக்கு இது விளங்கியது வீட்டுக் கூடத்தில்தான். ஒரு சீரியலில், அடிபட்ட மருமகள் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் காட்சி. அப்பத்தா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அம்மா, "தாலி சரி, அடிய ஏன் பொறுத்துக்கணும்?" என்றார். அக்கா, "பொம்பளைய அடக்கத்தான் இப்படி எடுக்கிறாங்க" என்று எழுந்து போய்விட்டாள். மூன்று வாசிப்பும் ஒரே சோபாவில்!

நீங்களும் ஒரே ஒரு காட்சியை எடுங்கள், முழு சீரியல் வேண்டாம். "எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் கேட்டு, அவர்கள் சொன்ன வார்த்தையை மாற்றாமல் எழுதுங்கள். அந்த மூன்று வாசிப்புக்கும் ஹால் வைத்த பெயர்களை அப்புறம் பொருத்தலாம்.