வீட்டுப் பூனையிடமிருந்து தோட்டத்துக் குருவிகளைக் காப்பது எப்படி?

"ஹட்டன் பக்கத்தில் லயன் வீட்டில் இருக்கிறோம். எங்கள் பூனை வாரத்துக்கு ஒரு குருவியையாவது கவ்விக்கொண்டு வந்து வாசலில் போடுகிறது. அடிக்க மனம் வரவில்லை. எலித் தொல்லையால் பூனை இல்லாமலும் இருக்க முடியாது. கழுத்தில் மணி கட்டினால் போதுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

மணி மட்டும் போதாது. அடிக்கவும் வேண்டாம். அடி வாங்கிய பூனைக்கு உங்களைக் கண்டால் பயம் வரும், குருவியின் மேலிருக்கும் ஆசை போகாது. பூனை எந்த நேரத்தில் வெளியே போகலாம், எந்த நேரத்தில் உள்ளே இருக்க வேண்டும் என்பதை நீங்கள் தீர்மானிப்பதே முதலில் செய்ய வேண்டிய காரியம். நான் தலவாக்கலைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் வீடும் தோட்டத் தொழிலாளருக்கான வரிசை வீடான லயன் வீடுதான். எங்களிடமும் ஒரு சாம்பல் நிறப் பூனை உண்டு. இதையெல்லாம் செய்து பார்த்த அனுபவத்தில்தான் எழுதுகிறேன்.

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு கார்த்திகை மாதக் காலையில், பாடசாலைக்குப் புறப்படும் அவசரத்தில் வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்புக்கு வந்தபோது, பூனை ஒரு பறவையைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. முதுகு பச்சை, வயிறு மங்கிய மஞ்சள், வாலடியில் குங்குமச் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே மை தீட்டியதுபோல் ஒரு கறுப்புப் பட்டை. கையில் எடுத்தபோது உடல் இன்னும் சூடாக இருந்தது. இறக்கைக்குக் கீழே கடுகளவு இரத்தம் தவிர வேறு காயமே தெரியவில்லை. பாதி மூடியிருந்த கண், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முழுதாக மூடிக்கொண்டது. அது ஆறுமணிக்குருவி. வட இந்தியாவிலும் மத்திய இந்தியாவிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்கத் தெற்கே பறந்து, கடலையும் தாண்டி நம் தோட்டத்துக்கு வந்து சேர்ந்த பறவை. அவ்வளவு தூரம் வந்த உயிர் எங்கள் வீட்டு வாசலில் முடிந்ததை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

அன்று முழுவதும் யோசித்தபோதுதான் ஒரு விடயம் பிடிபட்டது. ஆறுமணிக்குருவிக்கு அந்தப் பெயர் வந்ததே, காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டி அது குரல் கொடுப்பதால்தான். அந்த மங்கிய வெளிச்சத்தில் அது தரையில் நடந்து, சருகைப் புரட்டிப் புழு பூச்சி தேடுகிறது. பூனையும் இயல்பிலேயே விடியலிலும் அந்தியிலும் வேட்டைக்கு இறங்கும் மிருகம். எங்கள் வீட்டில் கதவு திறப்பதும் அதே நேரத்தில்தான். அம்மா கொழுந்து பறிக்கப் போகிறவர். நாலரைக்கு எழுந்து சமையலை முடித்துவிட்டு, ஐந்தரைக்குப் பீலிக்குத் தண்ணீர் எடுக்கக் கதவைத் திறப்பார். பூனை அவருடைய காலை உரசிக்கொண்டே வெளியேறிவிடும். மலையகத்தில் பெரும்பாலான வீடுகளில் இதுதானே வழக்கம்? தரையில் பறவை இருக்கும் நேரம் பார்த்து நாமே பூனையைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

ஆகவே எங்கள் வீட்டில் ஓர் ஒழுங்கு வைத்தோம். மாலை ஐந்து மணிக்குள் பூனை வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். நன்றாக விடிந்து வெயில் ஏறிய பின்னர், எட்டு மணிக்கு மேல்தான் வெளியே போக வேண்டும். அதை வரவழைப்பதற்கு உணவை விடச் சிறந்த வழி கிடையாது. அதன் முக்கியமான சாப்பாட்டை மாலை ஐந்து மணிக்கு மாற்றி, ஒவ்வொரு நாளும் அதே தகரத் தட்டைத் தட்டி அழைத்தால், ஒரு வாரத்தில் அது தானாகவே அந்த நேரத்துக்கு வந்து நிற்கும். உள்ளே மலங்கழிக்க ஒரு பழைய பேசினில் மணலோ மரத்தூளோ போட்டு மூலையில் வைத்து, தினமும் அள்ளிக் கொட்டிக் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். பூனையின் மலத்திலிருந்து பரவும் ஒருவகை ஒட்டுண்ணி வயிற்றிலுள்ள சிசுவைப் பாதிக்கக்கூடும் என்பதால், கர்ப்பிணிப் பெண்கள் அந்த வேலையைச் செய்யக் கூடாது. நாள் முழுவதும் வீட்டுக்குள்ளேயே வளர்க்க முடிந்தால் அதுவே ஆகச் சிறந்தது. ஆனால் சுவருக்கும் தகரத்துக்கும் இடையில் கை நுழையும் இடைவெளி உள்ள லயன் காம்பராவில் அது எவ்வளவு சிரமம் என்பது எனக்குத் தெரியும். இரவுக்காவது அந்த இடைவெளியைப் பலகையாலோ வலையாலோ அடைத்துவிடுங்கள்.

எலிக்காகத்தான் பூனை என்கிறீர்கள். அது நியாயமான காரணம்தான். எலிக்காய்ச்சல் உள்ள நாட்டில் அதை யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் எலி அரிசிப் பானையைத் தேடி வருவது இரவில், அதுவும் வீட்டுக்குள். இரவில் பூனை தேயிலை மலையில் சுற்றிக்கொண்டிருந்தால் அதனால் வீட்டுக்கு என்ன பயன்? அந்தியில் உள்ளே வரும் பூனைதான் உண்மையில் எலியிடமிருந்து வீட்டைக் காக்கிறது. அரிசியையும் மாவையும் இறுக்கமான மூடியுள்ள டின்னில் வைத்தால் பாதி வேலை முடிந்துவிடும். எலிப் பாஷாணம் மட்டும் வேண்டாம். நஞ்சு தின்ற எலியைத் தின்று பூனையும் சாகும், ஆந்தையும் சாகும். இரவில் நாயைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போவதும் நம் பகுதிக்குப் புதிய செய்தியல்ல. வெளியே படுக்கும் பூனைக்கும் அந்த ஆபத்து உண்டு.

இனி மணியைப் பற்றிச் சொல்கிறேன். பூனை பதுங்கிக் கிடக்கும்போது மணி ஒலிப்பதில்லை. பாயும்போதுதான் ஒலிக்கிறது, அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. கூட்டிலிருந்து அப்போதுதான் இறங்கிய குஞ்சுக்கு மணி கேட்டாலும் பறக்கத் தெரியாது. இங்கிலாந்தின் தென்மேற்குப் பகுதியில் 219 வீடுகளைச் சேர்ந்த 355 பூனைகளைப் பன்னிரண்டு வாரங்கள் கவனித்து, எக்ஸெட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவில், மணி கட்டியதால் குறிப்பிடத்தக்க பலன் எதுவும் காணப்படவில்லை. கழுத்துப்பட்டியின் மேல் பளிச்சென்ற நிறத் துணி உறையை மாட்டிய பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த பறவைகளின் எண்ணிக்கை 42 வீதம் குறைந்தது. பறவைகளுக்கு நிறங்களை நன்றாகப் பிரித்தறியும் கண் இருப்பதே அதற்குக் காரணம். எலிக்கு அந்த நிறம் அப்படித் தெரியாததால், எலி பிடிப்பது கெடுவதும் இல்லை. தானியம் சேராத, இறைச்சிப் புரதம் நிறைந்த உணவு கொடுத்த வீடுகளில் பூனை கொண்டுவந்த இரைகள் 36 வீதமும், தினமும் ஐந்து முதல் பத்து நிமிடம் பூனையோடு விளையாடிய வீடுகளில் 25 வீதமும் குறைந்தன.

நான் இதில் அதிகம் யோசித்தது உணவைப் பற்றித்தான். நம் வீடுகளில் பூனைக்கு விழுவது குழம்பு ஊற்றிய சோறும் ஒரு துண்டு கருவாடும். பூனையோ இறைச்சி தின்று வாழவே பிறந்த பிராணி. வயிறு நிறைந்தாலும் உடம்புக்கு வேண்டிய சத்துச் சோற்றில் கிடைக்காது. அந்தக் குறையை அது தேயிலைச் செடிகளுக்கிடையில் தீர்த்துக்கொள்கிறது என்று நினைக்க இடமுண்டு. விலை கூடிய பூனை உணவு வாங்க எங்களுக்கு வசதி இல்லை. உப்பில்லாமல் அவித்த சாளை மீன், கோழி ஈரல், சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கோழிக் கழிவுகளில் அவித்து எலும்பு நீக்கிய சதை, இடைக்கிடை ஒரு முட்டை என்று மாற்றினோம். நெத்தலி கொடுப்பதென்றால் வெந்நீரில் ஊறவைத்து உப்பை வடித்துவிடுங்கள். விளையாட்டுக்கு ஒரு குச்சியில் கயிறும் துணித் துண்டும் கட்டினாலே போதும். எங்கள் வீட்டில் அந்தப் பொறுப்பைத் தம்பியின் மகள் எடுத்துக்கொண்டாள்.

துணி உறையை நானே தைத்தேன். சிவப்பும் மஞ்சளும் கலந்த பழைய பருத்தித் துணியை இரண்டு அங்குல அகலத்தில் குழல்போல் தைத்து, மெல்லிய கழுத்துப்பட்டியை அதற்குள் நுழைக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: தேயிலைக் கிளையில் மாட்டிக்கொண்டால் பட்டி தானாகக் கழன்றுவிட வேண்டும். இழுத்தால் திறந்துகொள்ளும் கொக்கியுள்ள பட்டி கிடைக்காவிட்டால், பட்டியின் இரு முனைகளையும் சாதாரண நூலால் இரண்டே தையல் போட்டு இணையுங்கள். பூனை உதறினால் நூல் அறுந்துவிடும். எங்கள் பூனை இதுவரை நான்கு உறைகளைத் தொலைத்துவிட்டது. ஐந்தாவதைத் தைத்து வைத்திருக்கிறேன்.

"காட்டிலும் பூனை இருக்கிறதே, இது இயற்கைதானே" என்று எங்கள் லயத்தில் ஒருவர் கேட்டார். அது யோசிக்க வேண்டிய கேள்வி. சிறுத்தையை விட்டால் மீன்பிடிப் பூனை, காட்டுப்பூனை, துரும்பன் பூனை என்று மூன்று சிறிய பூனை இனங்கள் இலங்கையில் இருக்கின்றன. ஆனால் அவை இரையின் அளவுக்குத்தான் பெருக முடியும். இரை குறைந்தால் அவையும் குறையும். வீட்டுப் பூனைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. குருவி அற்றுப்போனாலும் அதற்கு மாலையில் சோறு கிடைக்கும். எனவே ஒரு மலையில் ஒரு காட்டுப் பூனை உலாவும் இடத்தில், ஒரு லயத்துக்கு எட்டுப் பத்து வீட்டுப் பூனைகள் உலாவுகின்றன. ஐக்கிய அமெரிக்காவில் மட்டும் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி வரை பறவைகளைக் கொல்வதாக 2013இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அதில் பெரும்பங்கு உரிமையாளர் இல்லாத பூனைகளுடையது. அந்தக் கணக்கை அப்படியே நம் மலைக்குப் பொருத்த முடியாது என்றாலும், கைவிடப்பட்ட குட்டிகள் என்னவாகின்றன என்பதை அது காட்டுகிறது.

நம் மலைநாட்டில் இதற்குக் கூடுதல் கனம் இருக்கிறது. உலகில் இலங்கையில் மட்டுமே காணப்படும் 30க்கும் மேற்பட்ட பறவை இனங்களில் சில, மஞ்சட்காதுக் கொண்டைக்குருவியும் இலங்கை வெள்ளைக்கண்ணியும்போல, நுவரெலியாப் பக்கத்து வீட்டுத் தோட்டங்களுக்கே வந்து போகின்றவை. காஷ்மீரில் குஞ்சு பொரிக்கும் ஈப்பிடிப்பான் ஒன்று, குளிர்காலத்தைக் கழிக்க நுவரெலியா விக்டோரியா பூங்கா வரை வருகிறது. ஆழ்காட்டிலுள்ள பறவைகளுக்குக் காடழிப்புத்தான் பெரிய எதிரி, பூனையல்ல. ஆனால் லயத்தைச் சுற்றித் தாழ்வாகத் திரியும் பறவைகளுக்குப் பூனையே நேரடியான எமன்.

இதை நான் கண்ணால் கண்டது, மழைநீர் வடிய வெட்டும் வாய்க்காலான கானின் கரையில். எங்கள் வீட்டுக்குப் பின்னால் புதிதாகக் கான் வெட்டிய மண் கரையில், முழங்கால் உயரத்தில் இருந்த ஒரு பொந்தில், போன பங்குனியில் புதர்ச்சிட்டு ஒன்று கூடு கட்டியது. ஆண் முழுக்கக் கறுப்பு, இறக்கையில் ஒரு வெள்ளைத் தீற்றல். தேயிலைச் செடியின் உச்சியில் நின்று வாலை ஆட்டிக்கொண்டிருக்கும். மண்ணிறப் பெண் வாயில் புழுவுடன் வந்து, நேரே கூட்டுக்குப் போகாமல், இரண்டு செடி தள்ளி நின்று சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுத்தான் பொந்துக்குள் நுழையும். முழங்கால் உயரம் பூனைக்கு ஒரு தாவல்கூட இல்லை. ஆகவே அந்தக் குஞ்சுகள் பறக்கும் வரை, ஏறத்தாழ இரண்டு வாரம், பூனையைப் பகலிலும் வெளியே விடவில்லை. மூன்று குஞ்சுகள் இறங்கின. முதல் இரண்டு நாள் அவை பறக்கவே இல்லை. கானுக்குள் தத்தித் தத்திப் போய்க்கொண்டிருந்தன. பங்குனியிலிருந்து வைகாசி வரை இப்படித் தரையில் கிடக்கும் குஞ்சுகளைப் பார்த்தால், நோயுற்றது என்று தூக்கிவராதீர்கள். தாய் பக்கத்தில்தான் இருக்கும். பூனையை உள்ளே வைத்தாலே போதும்.

பூனையின் வாயிலிருந்து உயிரோடு மீட்ட பறவை வேறு விடயம். வெளியே காயம் தெரியாவிட்டாலும் பூனையின் பல்லிலுள்ள கிருமி உள்ளே போய் ஓரிரு நாளில் கொன்றுவிடும். ஓட்டையிட்ட காகிதப் பெட்டியில் துணி விரித்து, இருட்டான, வெதுவெதுப்பான இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அன்றைக்கே கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.

உங்கள் பூனை பெட்டையா என்று நீங்கள் எழுதவில்லை. பெட்டையானால் கருத்தடை செய்வதைத் தள்ளிப்போடாதீர்கள். நான்கைந்து மாதத்திலேயே சினைப்படக்கூடிய பிராணி, இரண்டு மாதத்தில் குட்டி போட்டுவிடும். வருடத்துக்கு இரண்டு மூன்று ஈற்று. அந்தக் குட்டிகளைச் சாக்கில் போட்டுக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துப் பக்கம் விட்டுவிடும் பழக்கம் எங்கள் தோட்டத்திலும் இருந்தது. பிழைத்தவை காட்டோரம் போய் முழுநேரம் பறவை பிடித்து வாழ்ந்தன. பிரதேச அரச கால்நடை வைத்தியரிடம் கருத்தடை பற்றிக் கேளுங்கள். அப்படியே விசர்நோய்த் தடுப்பூசியையும் போட்டுவிடுங்கள்.

எங்கள் பூனை அதற்குப் பிறகு வாசலுக்குப் பறவை கொண்டுவந்தது ஒரே ஒரு முறைதான். ஆனால் பூனைகளின் கழுத்தில் சிறு கெமரா மாட்டி அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் செய்த ஆய்வு ஒன்றில், பிடித்த இரையில் கால்வாசிக்கும் குறைவாகத்தான் அவை வீட்டுக்குக் கொண்டுவந்தன. ஏறத்தாழ பாதியைப் பிடித்த இடத்திலேயே விட்டுவிட்டன. ஆகையால் வாசல் சுத்தமாக இருக்கிறது என்பதை வைத்து நான் நிம்மதி அடைவதில்லை. உங்கள் வாசலில் வாரத்துக்கு ஒன்று என்றால், மலையில் அதைவிட அதிகம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் நான்கைந்து நாட்கள் பூனை விடியற்காலையில் கதவைப் பிறாண்டிக் கத்தும். அண்டை வீட்டாருக்குத் தூக்கம் கெடும் என்பதால் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். ஏன் என்று கேட்டால் காரணத்தையும் சொல்லுங்கள். எங்கள் பக்கத்துக் காம்பரா அக்கா அப்படிக் கேட்டுத்தான் தன் பூனையையும் ஐந்து மணிக்கு அழைக்கத் தொடங்கினார். கத்துகிறதே என்று இரக்கப்பட்டு ஒரு நாள் திறந்துவிட்டால், கத்தினால் கதவு திறக்கும் என்று அது கற்றுக்கொள்ளும், மறுநாள் இரண்டு மடங்கு கத்தும். இரவு படுக்குமுன் கொஞ்சம் விளையாட்டுக் காட்டி, ஒரு கவளம் மீன் கொடுத்துப் படுக்க வையுங்கள். எங்கள் பூனை ஆறாவது நாள் அம்மா கதவைத் திறந்தபோது அடுப்படிச் சாக்கில் சுருண்டு படுத்திருந்தது, தலையைக்கூட நிமிர்த்தவில்லை.