மேடையில் மோதும் அப்பாவும் மகனும்: ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நாடகம் நடத்தும் ஆசிரியர்கள் கேட்டவை இவை. பல வருடங்களாக இதே வயதுப் பிள்ளைகளோடு நாடகம் வாசித்துவருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

கேள்வி: காட்சியை வாசித்து முடிப்பதற்குள் “அப்பா கெட்டவர், மகன் பாவம்” என்று பிள்ளைகள் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். என்ன செய்வது?

சொல்லட்டும், தடுக்காதீர்கள். பன்னிரண்டு வயதில் மகன் பக்கம் நிற்பதுதான் இயல்பு. அடுத்ததாக ஒன்று மட்டும் கேளுங்கள்: “இந்த அப்பா எதற்குப் பயப்படுகிறார்? எந்த வரியில் அது தெரிகிறது?”

அமெரிக்க நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சனின் ‘ஃபென்சஸ்’ ஒரு கறுப்பினக் குடும்பத்தைப் பற்றியது, 1957-இல் தொடங்கும் கதை. மகன் கோரிக்கு அமெரிக்கக் கால்பந்து மூலம் கல்லூரிக்குப் போக வாய்ப்பு வருகிறது. அப்பா ட்ராய் மறுக்கிறார். அவர் ஒரு காலத்தில் கறுப்பினத்தவருக்கான தனி லீக்கில் பேஸ்பால் ஆடியவர். பெரிய லீக்கின் கதவு கறுப்பினத்தவருக்கு 1947-இல் திறந்தபோது அவருக்கு வயது கடந்துவிட்டது. இதைச் சொன்னதும் வகுப்பு கொஞ்சம் அமைதியாகும். ஆனால் அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். காலம் மாறிவிட்டது என்று மகன் சொல்வதையும் வாசிக்க வையுங்கள். அப்பாவின் பயத்துக்குக் காரணம் உண்டு. அதனால் அவர் முடிவு சரி என்று ஆகிவிடாது. இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் மனதில் வைத்துக்கொள்ளப் பழகுவதைத்தான் நான் பகுப்பாய்வு என்பேன்.

கேள்வி: ஒரே ஒரு பாடவேளைதான் இருக்கிறது. எந்தக் காட்சி?

கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸின் ‘ஆன்டிகனி’யில் அரசன் கிரேயோனும் மகன் ஹேமோனும் பேசும் காட்சி. ஹேமோனுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண் ஆன்டிகனி; அரசன் ஆணையை மீறியதற்காக அவளுக்குக் கிரேயோன் மரண தண்டனை விதித்திருக்கிறார். கி.மு. 5-ஆம் நூற்றாண்டு நாடகம், ஆனாலும் பிள்ளைகளுக்கு உடனே பிடிபடும். ஹேமோன் கத்திக்கொண்டு வருவதில்லை. “நான் உங்கள் பிள்ளை” என்ற பணிவோடுதான் ஆரம்பிக்கிறான். அப்பா நீளமாகப் பேசுகிறார், மகனும் நீளமாகப் பேசுகிறான்: வெள்ளத்தில் வளைந்துகொடுக்கும் மரம் தப்பும், விறைத்து நிற்பது வேரோடு போகும் என்கிறான். அப்புறம் பேச்சு திடீரென்று ஒற்றை வரிகளாகச் சுருங்கிவிடுகிறது. நீளப் பேச்சு முடிந்து ஒற்றை வரி தொடங்கும் இடத்தில் பென்சிலால் கோடு போடச் சொல்லுங்கள். “இங்கே என்ன உடைந்தது?” என்று கேளுங்கள். ஒருவர் பேச்சை மற்றவர் கேட்பது நின்றுபோன இடம் அது என்று எப்படியும் ஒரு பிள்ளை கண்டுபிடிக்கும்.

முடிவுக்குப் பக்கத்தில் இன்னொரு வரி இருக்கிறது. ஆன்டிகனி செத்தால் அவளோடு இன்னொருவரும் அழிவார் என்கிறான் ஹேமோன். தன்னைத்தான் மகன் மிரட்டுகிறான் என்று எடுத்துக்கொள்கிறார் அப்பா. மகன் சொன்னது யாரை? இந்த ஒரு வரிக்காகவே பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

கேள்வி: உள்ளர்த்தம் என்ற சொல்லே பிள்ளைகளை மிரட்டுகிறது.

அந்தச் சொல்லே வேண்டாம். “என்ன கேட்டான்? என்ன பதில் கிடைத்தது?” போதும். அப்பாவுக்குத் தன்னை ஏன் பிடிக்கவே இல்லை என்று கேட்கிறான் கோரி. ட்ராய் சாப்பாடு, கூரை, துணி என்று தான் செய்யும் கடமைகளை அடுக்குகிறார். மகன் பாசத்தைக் கேட்கிறான், அப்பா பொறுப்பைக் காட்டுகிறார். இரண்டையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதினாலே பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். தமிழ் மொழிபெயர்ப்பில் வாசித்தால் ‘நீங்கள்’ எந்த இடத்தில் ‘நீ’ ஆகிறது என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அது மொழிபெயர்ப்பாளரின் முடிவு. ஏன் அங்கே மாற்றினார் என்பதே நல்ல கேள்வி.

கேள்வி: நடிக்க வைத்தால் எல்லோருக்கும் மகன் வேடம்தான் வேண்டும்!

சரி, கொடுங்கள். முடிந்த கையோடு அதே இருவர் வேடத்தை மாற்றிக்கொண்டு மறுபடி வாசிக்கட்டும். அப்பாவின் வரியைத் தன் வாயால் சொல்லும்போது பிள்ளையின் குரலே மாறும். அந்த மாற்றத்தைப் பற்றிப் பேசுங்கள்.

கேள்வி: வீட்டிலேயே இப்படிச் சண்டை நடக்கும் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால்?

இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே பாடத்தைத் திட்டமிடுங்கள். ஆரம்ப காலத்தில் “உன் அப்பாவோடு நடந்த ஒரு சண்டையை எழுது” என்று வீட்டுப்பாடம் கொடுத்தேன். ஒரு பையன் வெற்றுத் தாளை இரண்டாக மடித்துக் கொடுத்துவிட்டுப் போனான். அப்படிக் கேட்டது என் தவறு. அதற்குப் பிறகு கேள்விகளைப் பாத்திரத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். பிள்ளை தானாக எதையாவது சொன்னால் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். ஆபத்து தெரிந்தால் பள்ளி ஆலோசகரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். பிள்ளை அப்படிச் சொன்னதற்கு மதிப்பெண் போடவே கூடாது.

கேள்வி: யார் சரி என்று விவாதம் வைக்கலாமா?

வைக்கலாம், கடைசி நாளில். முதலிலேயே வைத்தால் வரிகளைத் தேடாமல் தொண்டையை நம்பிப் பேசுவார்கள்.

கேள்வி: கட்டுரை கேட்டால் கதைச் சுருக்கம் வருகிறது.

முழு நாடகத்தைப் பற்றிக் கேட்டால் சுருக்கம்தான் வரும். “இந்த வரிக்குப் பிறகு இருவரும் பழையபடி பேச முடியாது” என்று தோன்றும் ஒரே ஒரு வரியை எடுக்கச் சொல்லுங்கள். அந்த வரிக்கு முன்னால் இருவருக்கும் என்ன வேண்டியிருந்தது, பின்னால் என்ன வேண்டும் என்று எழுதட்டும். அரைப் பக்கம் போதும். வேறு வேறு வரியை எடுத்த இரண்டு பிள்ளைகளை மறுநாள் பக்கத்தில் உட்காரவைத்து, ஒருவர் எழுதியதை மற்றவர் வாசிக்கச் செய்யுங்கள்.