மௌனப் பட நாவலா? முதலில் எந்த வருஷம் என்று முடிவு செய்யுங்கள்

கேள்வி: மௌனப் பட காலத்தை வைத்து ஒரு நாவல் எழுதுகிறேன். 1922, மதுரைக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு டூரிங் டாக்கீஸ். நாயகன் அங்கே ஆபரேட்டர். நாடகக் கம்பெனியிலிருந்து ஓடிவந்த நாயகி, பிறகு சென்னைக்குப் போய்ப் பெரிய நடிகையாகிறாள். ஆறு அத்தியாயம் முடித்துவிட்டேன். படித்துப் பார்த்த நண்பர், "கதை சரி, ஆனால் 1950-ஐப் படிக்கிற மாதிரி இருக்கிறது" என்கிறார். எங்கே தவறுகிறேன்? நிஜ மனிதர்களைப் பாத்திரங்களாகக் கொண்டுவரலாமா?

பதில்: உங்கள் நண்பர் சரியாகத்தான் பிடித்திருக்கிறார். பழைய கொட்டகை என்றதும் நம் எல்லோருக்கும் மனதில் வருவது அப்பாவோ தாத்தாவோ சொன்ன டூரிங் டாக்கீஸ்தான். மணலைக் குவித்து உட்கார்வது, ஒலிபெருக்கியில் பாட்டு, இடைவேளையில் முறுக்கு. நீங்கள் அனுப்பிய முதல் அத்தியாயத்திலேயே கொட்டகை வாசலில் ஒலிபெருக்கி பாடுகிறது. 1922-ல் அதற்கு வழியே இல்லை. 'டாக்கீஸ்' என்று பெயர்ப்பலகை மாட்டுவதற்கும் படம் முதலில் பேசியாக வேண்டும். படம் வந்திருக்கும் சேதியைத் தண்டோரா சொல்லட்டும், வாத்தியக்காரர்களோடு ஊரைச் சுற்றும் மாட்டுவண்டித் தட்டி சொல்லட்டும். மூன்றாம் அத்தியாயத்துப் பகல் காட்சியையும் எடுத்துவிடுங்கள். கூடாரத்துக்குள் பகலில் படம் தெரியாது, இருட்டிய பிறகுதான் ஆட்டம். நாயகன் பத்துப் பைசா கொடுக்கிறான். 1957-க்கு முன்னால் அணாவும் 'பை' என்ற சின்னக் காசும்தான், ரூபாய்க்குப் பதினாறு அணா.

இதெல்லாம் ஒரு சாயங்காலத்தில் திருத்திவிடலாம். எனக்குப் பெரிய சிக்கலாகப் படுவது வருஷம்தான்.

திருச்சி ரயில்வே ஊழியர் சாமிக்கண்ணு வின்சென்ட், பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் மெஷினையும் சுருள்களையும் வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் அடிக்கக் கிளம்பியது 1905-ல். தென்னாட்டில் மௌனப் படம் அடங்கியது 1930-களின் முதல் பாதியில். இந்த முப்பது வருஷமும் ஒரே மாதிரி இருக்கவில்லை. மவுண்ட் ரோட்டில் 1913-ல் வார்விக் மேஜர் எலக்ட்ரிக் தியேட்டரைத் திறந்தார். அடுத்த வருஷமே ரகுபதி வெங்கய்யா கெயிட்டியைக் கட்டினார். மோட்டார் உதிரிபாக வியாபாரம் செய்துகொண்டிருந்த நடராஜ முதலியார் புரசைவாக்கத்தில் 'கீசக வத'த்தை எடுத்தது அதற்கும் சில வருஷம் கழித்து. 1920-ல் சென்னைக்குத் தணிக்கை வாரியம் வந்தது. விதுரர் கதையைச் சொன்ன ஒரு புராணப் படம் 1921-ல் சென்னை மாகாணத்தில் தடைபட்டது, விதுரர் காந்தி மாதிரி இருந்தார் என்பதால்.

உங்கள் நாயகியை 1922-ல் சென்னைக்கு அனுப்பினால் அவளுக்கு வேலை கொடுக்க யார் இருக்கிறார்கள்? முதலியார் 1923-ல் தொழிலையே விட்டுவிட்டார். வெங்கய்யாவின் மகன் ஆர். பிரகாஷ் சில படங்கள் எடுத்தார். அதை வைத்து ஒருத்தியைப் 'பெரிய நடிகை' ஆக்க முடியாது. கதையை 1929-க்குத் தள்ளுங்கள் என்பது என் யோசனை. அந்த வருஷம் ஏ. நாராயணன் ஜெனரல் பிக்சர்ஸ் கார்ப்பரேஷனைத் தொடங்கினார், ஸ்டூடியோ தண்டையார்பேட்டையில். அங்கே வரிசையாகப் படங்கள் வந்தன. ஆக, நாயகிக்குப் போக ஓர் இடம் இருக்கிறது. இன்னொரு லாபமும் உண்டு. 1931 அக்டோபர் 31-ம் தேதி 'காளிதாஸ்' வருகிறது, தமிழ்த் திரை பேச ஆரம்பிக்கிறது. உங்கள் பாத்திரங்களுக்கு இது தெரியாது, வாசகருக்குத் தெரியும்.

அதற்கு என்ன அர்த்தம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மௌனப் படத்துக்கு மொழி தேவையில்லை. முகமும் துணிச்சலும் போதும் என்பதால் ஆங்கிலோ-இந்திய, யூதப் பெண்கள் பலர் கதாநாயகிகளானார்கள். பம்பாயில் 'சுலோசனா'வாகப் புகழ்பெற்ற ரூபி மையர்ஸ் அதற்கு முன் டெலிபோன் ஆபரேட்டர். படம் பேசத் தொடங்கியதும் உச்சரிப்பும் பாட்டும் முன்னுக்கு வந்தன, நாடக மேடையில் பழகியவர்களுக்குக் காற்று அடித்தது. டி.பி. ராஜலக்ஷ்மி அப்படித்தான் மேடையிலிருந்து மௌனப் படத்துக்கும், அங்கிருந்து 'காளிதாஸ்' நாயகி வேடத்துக்கும் போனார். உங்கள் நாயகியும் மேடைப் பெண். ஸ்டூடியோவில் அவளுக்குப் போட்டியாகத் தமிழே பேசாத ஒரு ஆங்கிலோ-இந்தியத் தோழியை வையுங்கள். 1929-ல் தோழி கை ஓங்கியிருக்கும், 1931-ல் எல்லாம் தலைகீழ். அந்தத் தோழியின் கதை உங்கள் நாயகியின் கதையைவிட நன்றாக வந்துவிடும் ஆபத்து இருக்கிறது, அப்படி வந்தால் விட்டுவிடுங்கள்.

அடுத்து நாயகனின் தொழில். ஆபரேட்டர் என்று எழுதியிருக்கிறீர்களே தவிர, அவன் கை என்ன செய்கிறது என்று ஆறு அத்தியாயத்திலும் ஒரு வரி இல்லை. கையால் சுற்றும் மெஷினையே அவனுக்குக் கொடுங்கள். 35 மில்லிமீட்டர் பிலிமில் ஓர் அடிக்கு 16 பிரேம், அதாவது 16 தனிப் படங்கள். நொடிக்கு 16 பிரேம் வீதம் சுற்றினால் ஆயிரம் அடி ரீல் பதினாறே முக்கால் நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும். ஆறாயிரம் அடிப் படம் நூறு நிமிஷம். அதையே நொடிக்கு 20 என்று சுற்றினால் எண்பது நிமிஷத்தில் வீட்டுக்குப் போகலாம். இருபது நிமிஷம் அவன் கையில் இருக்கிறது! மழை வருகிற மாதிரி இருந்தால், கடைசி ரயிலைப் பிடிக்க வேண்டுமென்றால், நாயகி வெளியே காத்திருந்தால் அவன் வேகமாகச் சுற்றுவான். திரையில் சாவித்திரி ஓட்டமும் நடையுமாக எமனோடு வாதாடுவாள். முதலாளி கண்டுபிடிப்பாரா மாட்டாரா என்பதே ஒரு அத்தியாயத்துக்குப் போதும்.

மெஷின் ஒன்றுதான் என்றால் ஒவ்வொரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டுச் சுருளை மாற்ற வேண்டும். அந்த இடைவெளிகளில் ஆட்டமோ கோமாளிக் கூத்தோ வைப்பதுண்டு. உங்கள் கிராமத்துக்கு அப்போது மின்சாரம் கிடையாது. நீலகிரியில் பைக்காரா நீர்மின்சாரமே 1932-ல்தான் வந்தது. கூடாரத்துக்கு வெளியே எண்ணெய் எஞ்சினில் டைனமோ ஓடட்டும். அந்தத் தடதடப்புக்கு மேலே ஆர்மோனியம் கேட்க வேண்டும், திரையோரம் நின்று கதை சொல்கிறவரின் தொண்டையும் கேட்க வேண்டும். படத்துக்கு நடுவே வரும் எழுத்து அட்டைகளைப் படிக்கத் தெரிந்தவர்கள் கூட்டத்தில் கொஞ்சம் பேர்தான், ஆகவே கதை சொல்கிறவருக்குத் தனி மரியாதை. சொந்தமாக வசனம் சேர்த்துச் சொல்லும் சுதந்திரமும் அவருக்கு உண்டு. இந்த மனிதர் உங்கள் நாவலில் இல்லவே இல்லை, ஆச்சரியமாக இருக்கிறது.

தீ விபத்துக் காட்சியை முழுசாக மாற்றி எழுத வேண்டும். நாயகன் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் படத்தைக் காப்பாற்றுகிறான். அன்றைய பிலிம் நைட்ரேட். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன்னிடமே வைத்திருப்பது, தண்ணீருக்குள் அமுக்கினாலும் எரியும். புகை நச்சு. சுற்றுகிற கை ஒரு கணம் நின்று, விளக்குக்கு எதிரே இருக்கும் தகடும் விழாமல் போனால், ஆர்க் விளக்கின் சூட்டில் அந்த ஒரு பிரேம் முதலில் பற்றும். அவன் செய்யக்கூடியது பிலிமை அறுத்து, சுருள் பெட்டியின் மூடியைச் சாத்தி, ஜனங்களை வெளியே விரட்டுவதுதான். படம் போனது போனதுதான். முதலாளிக்கு என்ன பதில் சொல்வான் என்பதிலிருந்து அடுத்த அத்தியாயம் ஆரம்பிக்கும்.

ஸ்டூடியோ பகுதியில் ஒரு திருத்தம். திரையில் நாயகியின் குங்குமம் "பளிச்சென்று மின்னியது" என்கிறீர்கள். அப்போது புழங்கிய ஆர்த்தோகுரோமேட்டிக் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது, கறுப்பாகத்தான் விழும். நீலம் வெளுத்துப் போகும். கிருஷ்ணனுக்கு நீலம் பூசினால் திரையில் கிட்டத்தட்ட வெள்ளைக்காரனாக வந்து நிற்பான். சிவப்பும் தெரிகிற பாங்குரோமேட்டிக் பிலிம் 1920-களின் கடைசியில் பரவத் தொடங்கிவிட்டது, ஆனால் உங்கள் ஸ்டூடியோ பழைய சரக்கையே வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம். சிவப்பு தெரியாது என்பதால்தான் இருட்டறையில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு கண்ணால் பார்த்தே பிலிமைக் கழுவ முடிந்தது. படப்பிடிப்பு வெயிலில், மேலே வெள்ளைத் துணி கட்டி. கேமராக்காரர் நொடிக்கு இரண்டு சுற்று, சுற்றுக்கு எட்டு பிரேம். கேமரா ஓடும்போதே இயக்குநர் "திரும்பு, அழு" என்று கத்தலாம், யாருக்கும் கேட்கப் போவதில்லை. மேடையில் பாடிப் பழகிய பெண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும்? அதை எழுதுங்கள்.

நிஜ மனிதர்கள் விஷயம். நாராயணனோ, நடிகரும் இயக்குநருமான ராஜா சாண்டோவோ ஒரு பக்கம் வந்து போகட்டும், பொதுவில் தெரிந்ததைச் செய்யட்டும். அவர்களுக்குக் காதல், துரோகம், ரகசியம் எதுவும் கற்பிக்காதீர்கள். இறந்தவரைப் பற்றிய அவதூறும், குடும்பத்தார் மனம் புண்பட வேண்டும் என்ற நோக்கத்தோடு எழுதப்பட்டால், சட்டப்படி குற்றமே. அதைவிட, கற்பனை ஸ்டூடியோ ஒன்றைத் தண்டையார்பேட்டையிலேயே அடுத்த தெருவில் கட்டிவிட்டால் உங்கள் கைக்கட்டு அவிழ்ந்துவிடும்.

படித்துப் பார்க்க ஒன்றே ஒன்றைத்தான் சொல்வேன் என்றால், 1927-28-ல் சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் இயங்கிய இந்திய சினிமாட்டோகிராப் குழுவின் சாட்சியத் தொகுதிகள். தியேட்டர்காரர்கள், தணிக்கைக்காரர்கள், ஆசிரியர்கள் என்று 350-க்கும் மேற்பட்டவர்கள் கேள்வி பதிலாகப் பேசியிருக்கிறார்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆங்கிலம்தான், ஆனால் சென்னைச் சாட்சிகளை மட்டும் பொறுக்கிப் படித்தால் போதும், மனிதர்கள் பேசுவது காதில் விழும். பழைய பத்திரிகை விளம்பரங்களுக்குத் தரமணி ரோஜா முத்தையா நூலகம். கண்ணால் பார்க்க 'மார்த்தாண்ட வர்மா' என்ற மௌனப் படம் இருக்கிறது. அதன் மூலக் கதையான மலையாள நாவலின் பதிப்புரிமை வழக்கில் சிக்கி முடங்கியதாலேயே பிரதி தப்பியது, இப்போது புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில்.

இவ்வளவையும் படித்துவிட்டு எல்லாவற்றையும் நாவலில் கொட்டிவிடாதீர்கள். நாயகனுக்குத் தெரிந்தது மட்டும் பக்கத்தில் வரட்டும். ஆர்த்தோகுரோமேட்டிக் என்ற பெயர் அவனுக்குத் தெரிந்திருக்காது, குங்குமம் கறுப்பாக விழும் என்பது தெரிந்திருக்கும். நான்காம் அத்தியாயத்தை மட்டும் 1929-க்கு மாற்றி எழுதி அனுப்புங்கள், பார்க்கிறேன்.