சாக்கடல் சுருள்களும் வேதப் பிரதிகளின் உண்மைத்தன்மையும்: கேள்வி பதில்

கேள்வி: சாக்கடல் சுருள்கள் கிடைத்த பிறகு, பைபிளில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை என்பது உறுதியாகிவிட்டதாக எங்கள் சபையில் போதிக்கிறார்கள். இது சரிதானா ஐயா?

பதில்: பாதிதான் சரி. 1947 வாக்கில் சாக்கடல் கரையை ஒட்டிய கும்ரானின் முதல் குகையில் பெதூயின் என்ற நாடோடி இனத்து இடையர்கள் கண்டெடுத்த சுருள்களுள் ஒன்றில் ஏசாயா நூலின் 66 அதிகாரங்களும் ஏறக்குறைய முழுமையாக இருந்தன. 17 தோல்களைத் தைத்து இணைத்த, 7.34 மீட்டர் நீளமுள்ள அந்தச் சுருள் கி.மு. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எபிரேய பைபிளின் முழுமையான பிரதிகளில் மிகப் பழையதோ கி.பி. 1008-இல் எழுதி முடிக்கப்பட்ட லெனின்கிராட் பிரதி. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட இந்த இடைவெளியிலும் நூலின் போக்கும் பொருளும் பெரும்பாலும் மாறாமல் வந்திருப்பது உண்மையிலேயே வியப்புக்குரியது. ஆனால் எழுத்துக்கூட்டலிலும் சொற்களிலும் பாடபேதங்கள், அதாவது பிரதிக்குப் பிரதி வாசகம் வேறுபடும் இடங்கள், ஏராளம் உள்ளன. அவற்றை மறைத்துப் போதிப்பது விசுவாசத்துக்கும் நல்லதன்று.

கேள்வி: பாடபேதம் என்றால் எழுத்துப்பிழைகள்தானே? பொருள் மாறும் இடம் ஏதாவது உண்டா?

பதில்: உண்டு. கோலியாத்தின் உயரம் ஆறு முழமும் ஒரு ஜாணும் என்றே நாம் படித்து வந்திருக்கிறோம். ஏறத்தாழ ஒன்பதே முக்கால் அடி. கும்ரானின் நான்காம் குகையில் கிடைத்த சாமுவேல் சுருளிலும் கிரேக்க மொழிபெயர்ப்பின் பழைய பிரதிகளிலும் நான்கு முழமும் ஒரு ஜாணும் என்றிருக்கிறது. அது ஆறே முக்கால் அடிதான். எரேமியா நூலுக்கோ குறுகியதும் நீண்டதுமான இரு வடிவங்கள் இருந்திருக்கின்றன; இரண்டுமே கும்ரானில் கிடைத்துள்ளன.

நான் மாணவர்களுக்கு முதலில் காட்டும் இடம் ஏசாயா 40-ஆம் அதிகாரம். ‘புல் உலர்ந்து பூ உதிரும்’ என்ற தொடர் அங்கே அடுத்தடுத்து இருமுறை வருகிறது. முதலில் சொன்ன ஏசாயா சுருளை எழுதியவர் ஒன்றை மட்டும் எழுதிவிட்டு மேலே போயிருக்கிறார். கண் ஒரு தொடரிலிருந்து மற்றதற்குத் தாவியிருக்கலாம். பின்னாளில் வேறொருவர், விடுபட்ட பகுதியை வரிகளுக்கு இடையிலும் இடது ஓரத்திலும் நெருக்கி எழுதிச் சேர்த்திருக்கிறார். இறைவனின் திருப்பெயர் வரவேண்டிய இடத்தில் அதை எழுதாமல் நான்கு புள்ளிகளை மட்டும் வைத்திருக்கிறார். ஒரே பத்தியில் கவனக்குறைவும் பயபக்தியும் அருகருகே தெரிகின்றன.

கேள்வி: அப்படியானால் பழைய பிரதி சொல்வதையே மூலம் என்று கொள்ளலாமா?

பதில்: கூடாது. அதே முதல் குகையில் கிடைத்த இன்னொரு ஏசாயா சுருள் பிற்காலத்தில் யூத மரபில் நிலைபெற்ற எபிரேய வாசகத்துக்கு மிக நெருக்கமாக இருக்கிறது. பழமையான பிரதி கவனமின்றி எழுதப்பட்டிருக்கலாம். பிற்காலப் பிரதி நல்ல மூலத்தைப் பார்த்து எழுதப்பட்டிருக்கலாம். ஒவ்வோர் இடத்தையும் தனித்தனியே எடைபோட வேண்டும்.

கேள்வி: அமெரிக்க அருங்காட்சியகம் ஒன்றில் இருந்த சுருள்கள் போலி என்று படித்தேன். மற்றவையும் போலியாக இருக்குமோ?

பதில்: வாஷிங்டனில் உள்ள பைபிள் அருங்காட்சியகத்தின் 16 துண்டுகளும் போலி என்று 2020-இல் அறிவிக்கப்பட்டது. தோல் பழையதுதான்; எழுத்துதான் புதியது. வெடித்துச் சிதைந்த தோலில் பிற்காலத்தில் எழுதியதால், மை விரிசல்களுக்குள் வழிந்திருந்ததை நுண்ணோக்கி காட்டிக்கொடுத்தது. இவை 2002-க்குப் பிறகு சந்தைக்கு வந்த துண்டுகளின் வரிசையைச் சேர்ந்தவை. எருசலேமில் பாதுகாக்கப்படும் ஏசாயா சுருள் முதலியவற்றை இது தொடவில்லை. எங்கே, யாரால் எடுக்கப்பட்டது என்ற விவரம் இல்லாத துண்டை எவ்வளவு ஆசையிருந்தாலும் வாங்கக்கூடாது, ஆய்வில் சான்றாகக் காட்டவும் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் உள்ள பழைய குர்ஆன் ஏடுகள் நபிகள் நாயகத்துக்கு முந்தியவை என்கிறார்களே?

பதில்: கரிமக் காலக்கணிப்பு கொடுத்த எல்லை கி.பி. 568 முதல் 645 வரை. அது தோலுக்குரிய விலங்கு இறந்த காலமே தவிர, எழுதிய காலமன்று. அந்த எல்லையின் தொடக்க ஆண்டை மட்டும் பிடித்துக்கொண்டு வாதிடுவது முறையாகாது.

கேள்வி: 1883-இல் போலி என்று ஒதுக்கப்பட்ட ஷபீராவின் தோல் துண்டுகள் உண்மையானவை என்று இப்போது வாதிடப்படுகிறதே?

பதில்: பைபிளின் ஐந்தாம் நூலான உபாகமத்தைப் போன்ற வாசகம் கொண்ட அத்துண்டுகளை எருசலேம் வணிகரான ஷபீரா லண்டனுக்குக் கொண்டுவந்தார். பழைய தோரா (யூத வேத) சுருளின் ஓரத்தை வெட்டிச் செய்தவை என்று பிரெஞ்சு அறிஞர் கிளெர்மோன்-கன்னோ அறிவித்தார். அடுத்த ஆண்டே ஷபீரா உயிரை மாய்த்துக்கொண்டார். 2021-இல் பைபிள் ஆய்வாளர் இதான் டெர்ஷோவிட்ஸ் அவற்றுக்கு ஆதரவாக எழுதியவை படிக்கத்தக்கவை. ஆனால் துண்டுகள் தொலைந்துவிட்டன. எஞ்சியிருப்பவை படியெடுத்த வாசகங்களும் கையால் வரைந்த படங்களுமே. தோலையும் மையையும் சோதிக்க வழியில்லாதவரை, அவை உண்மையானவை என்ற தீர்ப்பை நான் ஏற்க மாட்டேன்.